கொழுப்பு மாத்திரை பற்றி மாப்ளைக்கு

நரிமேடு, மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மார்பகப் புற்றுக்காகக் கரண்ட் (ரேடியேஷன்) வைப்பது முடிந்துவிட்டது, இனி தினமும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை மட்டும்தான் என்று படித்ததும் மனசு லேசானது. உன் அக்கா அந்தப் பத்தியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டதை நீங்கள் வந்ததும் செலுத்தவேண்டும் என்கிறாள்.

கடிதத்தின் பின்பாதிதான் எனக்குக் கவலை தந்தது. கொழுப்பு மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவரும் என்று நடைப்பயிற்சியில் ஒருவர் சொன்னாராம், நீ உன் அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்திவிட்டாய். அதே மாதத்தில் மருமகனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது, அந்த மாத்திரை புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கும் என்று. உனக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவன் நீ. உன் இதய டாக்டருக்கு நாளைக்கே போன் செய்து, நிறுத்தியதைச் சொல்லி, மறுபடி தொடங்கு. தங்கச்சிக்கு உன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதே. ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது. அரசு மருந்தகத்தில் இந்த மாத்திரையை எத்தனையோ பேருக்கு எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் இதைப் பற்றி என்ன வந்தாலும் தேடிப் படிக்கிறேன். நீ கேட்டது நல்ல கேள்வி. உலகம் முழுக்கப் பெரிய ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் நடைப்பயிற்சி நண்பர் சொன்ன பயம் இந்த மருந்து பிறந்த காலத்திலேயே வந்தது. அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, சாங்க்யோ என்ற மருந்து நிறுவனத்தில் இருந்தவர். 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சலித்துப் பார்த்து, 1973-இல் ஒரு பச்சைப் பூஞ்சையில் காம்பாக்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சை அது. உடம்பு கொழுப்பு தயாரிப்பதை அந்தப் பொருள் தடுத்தது. உன் அட்டோர்வாஸ்டாட்டின் உட்பட இந்தக் கொழுப்பு மாத்திரைகளுக்கு ஸ்டாட்டின் என்று பெயர். அந்தக் குடும்பத்துக்கே அதுதான் மூத்த பிள்ளை. ஆனால் 1980-இல், மிக அதிக அளவில் மருந்து கொடுத்த நாய்களின் குடலில் புற்றுநோய் போன்ற மாற்றம் தெரிந்ததாகப் பேச்சு கிளம்ப, நிறுவனம் பரிசோதனைகளை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் மெர்க் நிறுவனமும் தன் லோவாஸ்டாட்டின் சோதனையை அப்போது நிறுத்திவைத்தது. பிறகு விலங்குகளில் மறுபடி தீர ஆராய்ந்து, ஆபத்தில்லை என்று தெரிந்தபின் 1987-இல்தான் லோவாஸ்டாட்டின் கடைக்கு வந்தது. எண்டோவின் காம்பாக்டின் கடைசிவரை மருந்தாக வரவேயில்லை. அவர் 2024-இல், தொண்ணூறு வயதில் காலமானார். அவருக்கு நோபல் கொடுக்காமல் விட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பயம் அதோடு போகவில்லை. 1996-இல் பிராவாஸ்டாட்டின் சோதனை ஒன்றில், மருந்து சாப்பிட்ட பெண்களில் 12 பேருக்கு மார்பகப் புற்று வந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு மட்டும். 2002-இல், எழுபது வயது தாண்டியவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையில் புதிதாக வந்த புற்றுநோய் 25 சதவீதம் கூடுதல். இப்படி ஒன்றிரண்டைப் பிய்த்தெடுத்துப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் 2012-இல் 27 சோதனைகளை, ஏறத்தாழ 1,75,000 பேரின் தனித்தனிப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வருவதிலும் அதனால் சாவதிலும் எந்த வித்தியாசமும் இல்லை, எந்த வயதிலும், எந்த உறுப்பிலும். ஸ்காட்லாந்தில் ஆறாயிரத்துச் சொச்சம் ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையை இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்தபோதும் அப்படித்தான். அதே மாத்திரை மாரடைப்பைத் தடுக்கிறது என்பதற்கோ அசைக்கமுடியாத சான்று இருக்கிறது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில் மொத்த மரணமே 30 சதவீதம் குறைந்தது. நீ அந்த 4,444 பேரைப் போன்ற ஆள், மாப்ள. இல்லாத பயத்துக்காக இருக்கிற காப்பை விட்டுவிட்டாய்.

ஆனால் இதே கணக்கு மருமகனின் செய்திக்கும் பொருந்தும், கவனி. 1,75,000 பேரில் புற்றுநோய் கூடவில்லை, சரி. குறையவும் இல்லை. அந்தச் சோதனைகள் சராசரியாக ஐந்து ஆண்டுதான் நடந்தன, புற்று உருவாக அதைவிட நாளாகும் என்று ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடமுடியாது. ஆனாலும் 'தடுக்கும்' என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை.

பிறகு ஏன் இத்தனை ஆராய்ச்சி? அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. நம் உடம்பில் கொழுப்பு தயாராகும் பாதையின் தொடக்கத்தில் ஒரு நொதி இருக்கிறது, பெயர் ஹெச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ். ஸ்டாட்டின் அதைத்தான் தடுக்கிறது. சோழவந்தான் பக்கம் பெரியாறு வாய்க்காலில் தலைமடையை அடைத்தால் ஒரு வயல் மட்டுமா காயும்? கிளை வாய்க்கால் எல்லாவற்றிலும் தண்ணீர் குறையும். அப்படித்தான் இங்கேயும். அந்தப் பாதை கொழுப்புக்கு மட்டும் போவதில்லை. ராஸ், ரோ என்ற புரதங்கள் செல்லின் சவ்வில் ஒட்டி நிற்க ஒரு வால் வேண்டும், அந்த வாலும் இதே பாதையில்தான் தயாராகிறது. ராஸ் கெட்டுப்போய் ஓயாமல் 'பெருகு, பெருகு' என்று கட்டளை போடுவதுதான் கணையப் புற்றின் பெரும்பகுதிக்கும் குடல் புற்றில் கணிசமானவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. பி53 என்று ஒரு காவல் மரபணு உண்டு. அது கெட்ட மார்பகப் புற்றுச் செல்கள் இந்தக் கொழுப்புப் பாதையையே முடுக்கிவிட்டுக்கொள்கின்றன என்று 2012-இல் கண்டார்கள். வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சவ்வு கட்டவேண்டும், அதற்குக் கொழுப்பு வேண்டும். ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச் செல்மீது ஸ்டாட்டினை ஊற்றினால் பல வகைச் செல்கள் சாகின்றன. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கே ஆசை பிடித்துக்கொள்ளும்.

மனிதர்களிடமும் நம்பிக்கையான செய்திகள் வந்தன. 2005-இல் இஸ்ரேலில், ஐந்து ஆண்டுக்கு மேல் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குக் குடல் புற்று பாதியளவுக்குக் குறைவு என்றார்கள். 2012-இல் டென்மார்க்கில், 1995 முதல் 2007 வரை புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் நாட்டின் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்கு முன்பே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் புற்றுநோயால் இறந்தது 15 சதவீதம் குறைவு. வாட்ஸ்அப் செய்தியின் மூலம் இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். ஆய்வு பொய் இல்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் சிக்கல்.

நம் ஊரை வைத்தே யோசி. ஸ்டாட்டின் யார் கைக்கு வருகிறது? மாதாமாதம் பிளட் டெஸ்ட் எடுக்கிறவர், டாக்டர் சொன்னதைக் கேட்கிறவர், சிகரெட்டை விட்டவர், கூட வர மகனோ மகளோ உள்ளவர். செல்லூரில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும் மேலூர்ப் பக்கம் குவாரியில் கல் உடைப்பவருக்கும் தனக்குக் கொழுப்பு இருக்கிறதா என்றே தெரியாது. வயிற்றில் கட்டி வந்தாலும் முற்றிய பிறகுதான் பாலரெங்கபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாத்திரை சாப்பிட்டவர் அதிக நாள் இருந்தார் என்றால் அது மாத்திரையின் பலனா, வாழ்க்கையின் பலனா? டென்மார்க்கிலும் இந்த வேற்றுமை முழுக்க இல்லாமல் போவதில்லை.

இன்னொரு பொறி, இது எனக்கே புரிய நாளானது. புற்றுநோய் வந்தபிறகு ஸ்டாட்டின் தொடங்கியவர் என்று ஒருவரைக் கணக்கில் எழுதவேண்டுமானால், தொடங்கும் நாள்வரை அவர் உயிரோடு இருந்தாகவேண்டும். சீக்கிரம் போய்விட்டவர்கள் எல்லோரும் 'மாத்திரை சாப்பிடாதவர்' பக்கத்தில் விழுவார்கள். மருந்தில் ஒன்றுமே இல்லையென்றாலும் அது ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியும். 2018-இல் அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை இந்தத் தவறு நேராதபடி மறுபடி கணக்கிட்டார்கள். பலன் காணாமல் போனது. அப்புறம் ஒன்று: மறைந்திருக்கும் புற்றே ரத்தத்தில் கொழுப்பைக் குறைத்துவிடும். கொழுப்பு குறைவாக இருப்பவருக்கு ஸ்டாட்டின் எழுதமாட்டார்கள். காரணமும் விளைவும் அங்கே தலைகீழாகிவிடும்.

அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. பார்த்தும் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு வகை நுரையீரல் புற்று உள்ள 846 பேருக்குக் கீமோவோடு பிராவாஸ்டாட்டின் கொடுத்தார்கள், ஆயுள் கூடவில்லை. கொரியாவில் முற்றிய வயிற்றுப் புற்றுக்கு சிம்வாஸ்டாட்டின் சேர்த்தார்கள், பலன் இல்லை. எனக்குத் தோன்றும் பெரிய காரணம் அளவு. நாம் விழுங்கும் ஸ்டாட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறது. இதயத்துக்காகச் சாப்பிடும்போது அது நமக்கு வசதி, ஏனென்றால் கொழுப்பு முக்கியமாகத் தயாராகும் இடமே கல்லீரல்தான். ஆனால் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போய்ச் சேர்வது சொற்பம். கண்ணாடித் தட்டில் செல்லைக் கொன்ற அளவு பெரும்பாலும் நம் ரத்தத்தில் வருவதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அதை மனிதனுக்குக் கொடுத்தால் தசை கரைந்து சிறுநீரகம் கெட்டுவிடும். கல்லீரல் புற்றில் மட்டும் நம்பிக்கை கொஞ்சம் மிஞ்சியிருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் உள்ளவர்களில் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற, கொழுப்பில் கரையும் வகையைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் புற்று குறைவாக வந்ததை ஸ்வீடன் பதிவுகள் காட்டுகின்றன. அதுவும் பதிவேட்டுச் சான்றுதான், மறந்துவிடாதே.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். அவள் புற்று ஹார்மோன் சார்ந்தது என்று எழுதியிருந்தாய். இந்த வகையில்தான் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. உடம்பு கொழுப்பைச் சிதைக்கும்போது வரும் 27-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால் என்ற பொருள், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலவே போய் மார்பகப் புற்றுச் செல்லைத் தூண்டுகிறது என்று 2013-இல் கண்டார்கள். லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் தயாராவதை நிறுத்தும், ஆனால் இதை நிறுத்தாது. அப்படியென்றால் கொழுப்பையும் குறைத்தால்? தமாக்ஸிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரையையும் லெட்ரோசோலையும் ஒப்பிட்ட, ஏறத்தாழ 8,000 பெண்கள் சேர்ந்த ஒரு பழைய சோதனையைத் திரும்பப் புரட்டினார்கள். ஹார்மோன் மாத்திரைக் காலத்தில் கொழுப்பு மருந்தும் தொடங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகத் தெரிந்தது. அது 2017. அங்கே கொழுப்பு மருந்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கவில்லை, அதனால் முன்னே சொன்ன அதே சந்தேகம் இதற்கும் உண்டு. தீர்த்துவைக்க டென்மார்க்கில் 2020-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கியிருக்கிறார்கள்: தங்கச்சி போன்ற ஆரம்பக் கட்டப் பெண்கள் 3,000 பேருக்கு மேல், வழக்கமான சிகிச்சையோடு பாதிப்பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. அதன் முடிவுக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

அதுவரை கைகட்டி உட்காரவேண்டியதில்லை. தமாக்ஸிஃபெனோடு ஒப்பிட்டால் லெட்ரோசோல் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். அவளுக்குச் சுகரும் இருக்கிறது. அதனால் புற்றுநோய்க்காக இல்லாவிட்டாலும் இதயத்துக்காகவே அவளுக்கு ஸ்டாட்டின் தேவைப்படலாம். மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்களில், வயது ஏற ஏற, இதய நோயில் போகிறவர்கள் நிறைய. இது நம் வீடுகளில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. புற்றை ஜெயித்தாயிற்று என்று மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறோம். கொழுப்பு அளவைப் பார்த்து, அவளுக்கு வேண்டுமா, எந்த ஸ்டாட்டின், எவ்வளவு என்று அவள் டாக்டர் எழுதட்டும். அப்படி எழுதினால் தயங்காமல் சாப்பிடட்டும். நாளைக்கு டென்மார்க்கிலிருந்து நல்ல செய்தி வந்தால் அதன் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

அவளுக்குக் கீமோவில் சிவப்பு மருந்து ஏற்றினார்களே, டாக்ஸோரூபிசின், அது இதயத்தைப் பலவீனமாக்கக்கூடியது. அதற்கு அட்டோர்வாஸ்டாட்டின் காப்பாகுமா என்றும் பார்த்தார்கள். அமெரிக்காவில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று நோயாளிகள் 300 பேரில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 சதவீதத்தினருக்கும், சாப்பிடாதவர்களில் 22 சதவீதத்தினருக்கும் இதயத்தின் பம்ப் திறன் கணிசமாகக் குறைந்தது. 2023-இல் வந்த முடிவு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, பெரும்பாலும் மார்பகப் புற்றுப் பெண்களிடம் செய்த சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்கு ஏற்றிய சிவப்பு மருந்தின் அளவு குறைவு என்பது காரணமாக இருக்கலாம். எதற்கும் தங்கச்சிக்கு ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்க்கச் சொல்.

ஒன்று மட்டும் என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது, மாப்ள. இத்தனை மலிவான, இத்தனை காலம் பழகிய மருந்தைப் பற்றிய கேள்விக்கு ஏன் இன்னும் பதில் இல்லை? அட்டோர்வாஸ்டாட்டினின் அமெரிக்கக் காப்புரிமை 2011-இலேயே முடிந்துபோனது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அதனால் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பத்தாண்டு சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. அரசுப் பணமோ அறக்கட்டளையோதான் செய்யவேண்டும். நம் நாட்டால் முடியாததா? மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் செய்து காட்டினார்களே. மார்பகப் புற்று அறுவைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிடோகெய்ன், அதாவது பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் ஊசிமருந்து, அதைச் செலுத்தினார்கள். ஏறத்தாழ 1,600 பெண்கள், 11 மருத்துவமனைகள். ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் 82.6 சதவீதத்திலிருந்து 86.6 ஆனார்கள். 2023-இல் வெளியானது. செலவு டீக்காசு. அதே மாதிரி ஸ்டாட்டினுக்கும் நம் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியிலும் பாலரெங்கபுரத்திலும் ஒரு சோதனை நடக்கவேண்டும் என்று எனக்கு ஏக்கம். இராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று எத்தனை ஊர்ச் சனம் அந்த வாசலில் பாயை விரித்துப் படுத்திருக்கிறது. விலை உயர்ந்த புது மருந்து அவர்களுக்கு எட்டாது. அரசு மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரை உதவுமா உதவாதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

நீ மறுபடி மாத்திரை தொடங்கினால் தொடை வலிக்கிறது என்று நிறுத்திவிடாதே. வலி போன்ற தொந்தரவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, எது எந்த மாதம் என்று சொல்லாமல், சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. அதற்காக எல்லா வலியும் மனப்பிரமை இல்லை. தசை கடுமையாக வலித்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சளிக்கு யாராவது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், நான் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன் என்று சொல். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவு ஏறிவிடும். லேசாகச் சுகரைக் கூட்டும் குணமும் ஸ்டாட்டினுக்கு உண்டு, அதையும் பார்த்துக்கொள்.

ஊரில் எல்லோரும் நலம். சோழவந்தான் தோப்பில் வெள்ளை ஈ இந்த வருடமும் இருக்கிறது, குத்தகைக்காரர் மஞ்சள் அட்டை கட்டியிருக்கிறார். உன் அண்ணன் வெற்றிலையோடு புகையிலையை இன்னும் விடவில்லை. புற்றுநோய்த் தடுப்பு என்று இவ்வளவு கேட்கிறாயே, அவரிடம் நீ ஒரு வார்த்தை பேசு. புகையிலையை விட்டால் வாய்ப்புற்று வரும் வாய்ப்பு குறையும் என்பதில் எந்த ஆராய்ச்சியாளருக்கும் சந்தேகம் இல்லை. நான் சொன்னால் சிரித்து மழுப்புகிறார், தம்பி சொன்னால் ஒருவேளை கேட்பார். பேத்திக்குக் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்றா என்று மகளிடம் கேள். பதினைந்து வயதுக்குள் என்றால் இரண்டு ஊசி போதும்.

தங்கச்சிக்கு அடுத்த செக்கப் எப்போது என்று எழுது. டாக்டரிடம் கேட்கவேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: கொழுப்பு அளவு, எக்கோ, எலும்பு பலம் பார்க்கும் ஸ்கேன், லெட்ரோசோல் எத்தனை வருடம். அந்தத் தாளை மருமகனிடம் கொடுக்காமல் தங்கச்சி கையிலேயே கொடு. கேள்வியை அவளே கேட்கட்டும், பதிலையும் அவளே எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்